முதல் பாப் பங்க் சிங்கிள்: டர்பனில் பதிவு செய்து வெளியிடும் வழி

வேகமான கிட்டாரும் கூடச் சேர்ந்து கத்தும் மெட்டும் கொண்ட ராக் வகைதான் பாப் பங்க். அதில் ஒரு பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அதை எழுதி, பதிவு செய்து, சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாக, முறையாக வெளியிட இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். தென்னாப்பிரிக்க டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் கிட்டாரும் கையுமாகத் திரியும் பிள்ளைகள் முதலில் கேட்பது "எந்த மைக் வாங்கணும், அண்ணா?" என்றுதான். மைக் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நேரத்தைக் கோரஸில் செலவழியுங்கள், பணத்தை ட்ரம்ஸில் போடுங்கள், காகித வேலையை வெளியீட்டுக்கு முன்பே முடியுங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால், மற்றது சுமாராக இருந்தாலும் பாட்டு நிற்கும்.

இந்த இசை நம் ஊருக்குப் புதிதில்லை. 1970களின் கடைசியிலேயே டர்பனில் வைல்ட் யூத் என்ற பங்க் குழு இருந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த நேஷனல் வேக், இனப்பாகுபாட்டுச் சட்டங்கள் அமலில் இருந்த 1981இல் ஆல்பம் போட்டது. 2000களில் ட்வீக், அதற்குப் பின் கிராஷ்கார்பர்ன் என்ற குழுக்களால் பாப் பங்க்கும் இங்கே ஓடியது. தமிழில் பாடும் குழுவுக்குத்தான் இடம் ஏறக்குறைய காலியாக இருக்கிறது.

பாட்டு: வேகத்தில் தமிழ் உடையக் கூடாது

பாப் பங்க்கின் எலும்புக்கூடு எளிது. மூன்று நான்கு பவர் கார்ட் (இரண்டே சுரம் சேர்ந்த எளிய கார்ட்), நிமிடத்துக்கு 160 முதல் 200 பீட் வரை வேகம், சரணத்தில் கையை ஸ்ட்ரிங் மேல் வைத்து அடக்கி வாசித்து, கோரஸில் கையை எடுத்துத் திறந்து விடுவது. இவ்வளவுதான். சினிமாப் பாட்டு போல கோரஸிலேயே தொடங்கினாலும் தப்பில்லை. ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர் முதல் முப்பது வினாடிக்குள் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார் என்பதால், பல்லவியை முன்னால் வைக்கும் நம் பழக்கம் இங்கே நன்றாகவே கைகொடுக்கும்.

சிக்கல் வரிகளில்தான். 180 வேகத்தில் பீட்டுக்கு இரண்டு அசையாகப் பாடினால் வினாடிக்கு ஆறு அசை போகும். அந்த ஓட்டத்தில் குறிலும் நெடிலும் இடம் மாறினால் பொருளே மாறிவிடும். "மனம்" என்று எழுதி முதல் எழுத்தை நீண்ட சுரத்தில் இழுத்தால், கேட்பவர் காதில் விழுவது "மானம்". ஆங்கிலப் பாட்டின் மெட்டை மனதில் வைத்துக்கொண்டு தமிழ் வரியை அதில் திணிக்கும்போது இது அடிக்கடி நடக்கும். அதனால் நெடில் எழுத்து பீட்டின் தலையில் விழும்படி எழுதுங்கள். குறில்கள் நடுவில் ஓடட்டும். கோரஸில் இழுத்துப் பாட வேண்டிய சொல் ஆ, ஓ, ஏ என்று வாய் திறந்து முடியட்டும். ம், ள், ட்டு என்று முடியும் சொல்லைப் பிடித்து நீட்ட முடியாது. தொண்டைதான் கட்டும்.

ஒரு சின்ன உதாரணம்:

கடைசி பஸ்ஸும் போச்சுடா
நடந்தே வீடு போலாம் வா

"கடைசி", "நடந்தே" என்று வரித் தொடக்கத்தில் எதுகை. "டா", "வா" என்று முடிவில் இயைபு. இரண்டு வரியும் ஆகாரத்தில் திறந்து நிற்பதால் கூட்டத்தோடு கத்தவும் வசதி. ஆங்கிலப் பாட்டில் பெரும்பாலும் வரிக் கடைசியில்தான் ஓசை ஒன்றும். நம்மிடம் தொடக்கத்திலேயே கொக்கி போட எதுகையும் மோனையும் இருக்கின்றன. ட்ரம் செட்டில் "டப்" என்று ஒலிக்கும் ஸ்னேர் அடியோடு எதுகை வந்து விழும்போது கிடைக்கும் சுகமே தனி. அதை வீணாக்காதீர்கள்.

நம்மில் பலர் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் எழுதுகிறோம். எழுதுங்கள், தடையில்லை. ஆனால் பதிவுக்கு முன் தமிழ் எழுத்தில் ஒரு பிரதி எடுத்து, கோயில் தமிழ் வகுப்பு ஆசிரியரிடமோ வீட்டு ஆயாவிடமோ (பாட்டிதான்) வாசித்துக் காட்டுங்கள். ஆயா சிரித்தால் எங்கே சிரிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கலிஃபோர்னியா பாப் பங்க் குழுக்களின் மூக்குக் குரலில் தமிழைப் பாடாதீர்கள். அந்த மூக்குக் குரல் அவர்கள் ஊர்ப் பேச்சிலிருந்து வந்தது. உங்கள் பேச்சு சாட்ஸ்வொர்த் பேச்சு. அதிலேயே கத்துங்கள்.

டெமோ

இந்த மாதிரிப் பதிவுக்குக் கணினியில் ரீப்பர் போன்ற ஒலிப்பதிவு மென்பொருள் போதும். 60 நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம், அப்புறம் தனிநபர் உரிமம் 60 டாலர். தாளம் காட்டும் கிளிக் ஒலியை ஓடவிட்டு, கிட்டாரும் குரலும் மட்டும் பதிவு செய்யுங்கள். 170, 176, 184 என்று வெவ்வேறு வேகத்தில் பாடிப் பாருங்கள். வரி மூச்சுத் திணறாமல் நிற்கும் வேகமே சரியான வேகம். ட்ரம்மர் இன்னும் வேகமாகப் போகலாம் என்பார். ட்ரம்மர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

இந்த டெமோவையும் கிளிக் டிராக்கையும் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள். அதனால் பாட்டின் அமைப்பை இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். ஸ்டூடியோவில் மணிக்கணக்குக்குக் காசு ஓடும்போது "பிரிட்ஜ் வேணுமா வேணாமா" என்று, நடுவில் மெட்டு மாறும் பகுதியைப் பற்றி, விவாதம் வைக்கக் கூடாது.

ட்ரம்ஸ்: காசு போக வேண்டிய இடம்

சாட்ஸ்வொர்த்தில் நிறைய வீடுகள் ஒரே சுவரைப் பங்கிட்டு நிற்பவை. அங்கே ட்ரம்ஸ் பதிவு செய்தால் பாட்டு வெளிவருவதற்கு முன்பே அடுத்த வீட்டு ஆன்ட்டி விமர்சனம் சொல்லிவிடுவார். ட்ரம்ஸுக்கு மட்டும் ஒரு நாள் ஸ்டூடியோ எடுங்கள். கிட்டார், பேஸ் கிட்டார், குரல் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யலாம்.

பேசும்போது நான்கு விஷயம் கேளுங்கள். ட்ரம் செட் அவர்களுடையதா? இன்ஜினியர் சம்பளம் சேர்த்தா? கூரை எவ்வளவு உயரம்? கடைசியில் ஒவ்வொரு மைக்கின் பதிவும் தனித்தனி வேவ் கோப்பாகக் கைக்கு வருமா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ இருக்கிறதா என்பதையும் கேட்டு வையுங்கள். அரசு மின் நிறுவனமான எஸ்கொமின் மின்வெட்டு 2023இல் இருந்த அளவுக்கு இப்போது இல்லைதான். ஆனாலும் நல்ல டேக் (ஒரு முறை வாசித்துப் பதிவது) நடுவில் இருட்டாவதை யாரும் விரும்புவதில்லை.

ஸ்னேருக்குப் புதுத் தோல் போட்டுக்கொண்டு போங்கள். டர்பன் ஈரக்காற்றில் பழைய தோலும் பழைய ஸ்ட்ரிங்கும் சீக்கிரம் மந்தமாகிவிடும். அறையில் முதல் அரை மணி நேரம் மைக்கைத் தொடவே வேண்டாம். ஸ்னேரைச் சுற்றியுள்ள ஒவ்வொரு திருகுக்கும் அருகில் குச்சியால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் சுருதி இறங்கித் தெரிந்தால் அந்தத் திருகைக் கால் சுற்று மட்டும் முறுக்குங்கள். சுற்றி வந்து எல்லா இடமும் ஒரே சுருதியில் ஒலித்த பிறகு நடுவில் ஓங்கி அடித்தால், "டப்" என்ற அடிக்குப் பின்னால் ஒரு மணியோசை தொங்கும். அது அதிகம் என்றால் தோலின் ஓரத்தில் சின்னத் துண்டு டேப் மடித்து ஒட்டுங்கள். முழுக்க அடக்கிவிட வேண்டாம். கிட்டார் சுவர் எழும்பியதும் அந்தக் கொஞ்ச மணியோசைதான் ஸ்னேரை வெளியே தெரிய வைக்கும்.

மேலே தொங்கும் இரண்டு மைக்கும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணால் பார்க்காதீர்கள், ஒரு கேபிளைப் பிடித்து அளந்துவிடுங்கள். தூரம் வேறுபட்டால் ஒரே அடி இரண்டு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேரும். இரண்டையும் சேர்த்துக் கேட்கையில் ஒலி ஒன்றையொன்று தின்று, ஸ்னேர் ஒல்லியாகிவிடும். அப்புறம் எல்லாப் பதிவையும் கலக்கும் மிக்ஸிங்கில் எவ்வளவு தலைகீழாக நின்றாலும் அது முழுதாகச் சரியாகாது.

முழுப் பாட்டாக மூன்று நான்கு டேக் எடுங்கள். நல்ல பகுதிகளை வெட்டி ஒட்டலாம். மிக்ஸிங்கில் ஸ்னேர் அடிக்குக் கீழே ஒரு ஸாம்பிள் ஒலியைக் கலப்பது இந்த வகை இசையில் எல்லாரும் செய்வதுதான், கூச்சப்பட வேண்டியதில்லை. காசே இல்லை என்றால் கணினி ட்ரம்ஸ் போடலாம். ஆனால் எல்லா அடியும் ஒரே பலத்தில் இருந்தால் ஃபில் (வேகமான நிரப்பு அடி) வரும் இடத்தில் தையல் மெஷின் ஓடுவது போலக் கேட்கும். அடிக்கு அடி பலத்தை மாற்றி வையுங்கள்.

கோயில் மேளக்காரரை ஒரு பகுதியில் வாசிக்க வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வைக்கலாம். காவடி ஊர்வலத்தில் கேட்கும் அந்த வேகம் பாப் பங்க்குக்கு அந்நியமே இல்லை. ஆனால் அலங்காரத்துக்காக மட்டும் வேண்டாம். பேசிய கூலியைக் கொடுங்கள், அவர் பெயரைப் பதிவிலும் போடுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

கிட்டார், பேஸ், குரல்

கிட்டார் சுவர் என்று சொல்கிறோமே, அது ஒரே கிட்டாரைச் சத்தமாக வைப்பதால் வருவதில்லை. ஒரே பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் தள்ளுவதால் வருகிறது. முதல் பதிவைக் காப்பி எடுத்து மறுபக்கம் வைத்தால் வேலைக்காகாது. இரண்டும் ஒன்றே என்பதால் ஒலி நடுவிலேயே குவிந்துவிடும். இரண்டு கை வாசிப்புக்கும் நடுவிலுள்ள மயிரிழை வேறுபாடுதான் அகலம். எனவே இரண்டாம் முறை வாசிக்கும்போது முதலாவதைக் கேட்டுக்கொண்டே, அடக்கி வாசிக்கும் இடமும் நிறுத்தும் இடமும் ஒரே நொடியில் விழும்படி வாசியுங்கள். நிறுத்தம் பிசகினால் பாட்டு முழுக்க அழுக்காகத் தெரியும்.

டிஸ்டார்ஷனை உங்களுக்குப் பிடித்த அளவிலிருந்து கொஞ்சம் குறைத்து வையுங்கள். இரண்டு கிட்டார் சேரும்போது அது தானாகவே கூடும். பதிவுக்கு முந்தின நாள் புது ஸ்ட்ரிங் மாட்டி, பன்னிரண்டாம் ஃபிரெட்டில் சுருதி சரியா என்று பாருங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் சுருதி சேருங்கள். கடலோர வெக்கையில் காலையில் சேர்த்தது மதியம் நிற்காது.

பேஸை விரலால் அல்ல, பிக்கால் வாசியுங்கள்.

குரலுக்கு ஷுர் எஸ்எம் 58 போன்ற மேடை மைக்கே போதும். போர்வையும் துணி அலமாரியும் உள்ள அறை, குளியலறையை விட எவ்வளவோ மேல். சரணத்தை ஒரு குரலில் பாடுங்கள். கோரஸை இரண்டு முறை பாடி அடுக்குங்கள், அதற்கு மேல் சுருதியில் ஓர் இணைக்குரல் வையுங்கள். அப்புறம் "ஓ... ஓ..." பகுதிக்கு நண்பர்கள், தம்பி தங்கைகள் எல்லாரையும் கூப்பிட்டு ஒரே மைக்கைச் சுற்றி நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் ஆட்களை இடம் மாற்றி நான்கைந்து தடவை எடுத்தால் ஆறு பேர் முப்பது பேராகக் கேட்பார்கள். பிரியாணி செலவு உங்களுடையது. குரல் பதிவை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். கத்திய தொண்டை இரண்டு மணி நேரத்துக்குப் பின் உண்மை பேசாது.

மிக்ஸிங், மாஸ்டரிங்

மிக்ஸிங்கை முடிந்தால் இன்னொருவரிடம் கொடுங்கள். நீங்களே செய்வதானால், கிட்டாரின் அடிப்பகுதியை 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, அந்த இடத்தைப் பேஸுக்கும் கிக் ட்ரம்முக்கும் விடுங்கள். குரல் உங்களுக்கு வெட்கமாகத் தோன்றும் அளவுக்கு மேலே இருக்கட்டும். தமிழ் வரி புரியாவிட்டால் தமிழில் பாடி என்ன பயன்?

கைப்பேசி ஸ்பீக்கரில் கேளுங்கள். காரில் கேளுங்கள். முடிந்தால் தெரிந்த மினிபஸ் டாக்ஸி ஓட்டுநரிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். டர்பன் டாக்ஸியின் பேஸ் ஸ்பீக்கரில் நொறுங்காத மிக்ஸ் வேறெங்கும் நொறுங்காது.

மிக்ஸ் முடிந்த பாட்டின் ஒலியைக் கடைசியாகச் சீராக்கும் மாஸ்டரிங்கில் சத்தப் போட்டி வேண்டாம். ஸ்பாட்டிஃபை தன் பக்கத்தில் எல்லாப் பாட்டையும் சுமார் -14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்தித்தான் ஒலிக்க வைக்கிறது. அதற்காக நீங்கள் -14இல் நிற்க வேண்டும் என்றில்லை. இந்த வகைப் பாட்டுகள் அதைவிடச் சத்தமாகவே வருகின்றன. ஸ்னேரின் உயிர் போகும்வரை நசுக்கக் கூடாது என்பதுதான் விஷயம். உச்சம் -1 டெசிபலைத் தாண்டாமல், 24 பிட் வேவ் கோப்பாக வாங்கிக்கொள்ளுங்கள்.

காகித வேலை: மூன்று கதவு

எல்லாரும் தள்ளிப்போடும் இடம் இதுதான். பாட்டு வெளிவந்து, ரேடியோவில் ஓடி, அதற்குப் பின் யாருக்கு எவ்வளவு என்று உட்கார்ந்தால் குழு உடையும். மிக்ஸிங் நடக்கும்போதே ஒரு தாளில் எழுதுங்கள்: மெட்டு யார், வரி யார், யாருக்கு எத்தனை சதவீதம், பதிவின் உரிமை யாருக்கு. எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி குழுவாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். அண்ணன் தம்பி என்றால் கட்டாயம் செய்யுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் பாட்டுக்குப் பதிப்புரிமை தானாகவே வந்துவிடும், 1978ஆம் ஆண்டின் 98ஆம் எண் சட்டப்படி எங்கும் போய்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் பணம் வர, உரிமைப் பணத்தை வசூலித்துப் பிரித்துத் தரும் மூன்று அமைப்புகளின் கதவையும் தனித்தனியே தட்ட வேண்டும்.

சாம்ரோ: பாட்டு ரேடியோவிலோ மேடையிலோ கடையிலோ ஒலிக்கும்போது, அதை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் வரும் பணம்.

கபாசோ: பாட்டு பிரதியெடுக்கப்படும்போது, அதாவது ஸ்ட்ரீமிங், டவுன்லோட், சிடி ஆகியவற்றில், அதே எழுதியவர்களுக்கு வரும் பணம்.

சாம்ப்ரா: பதிவு ஒலிபரப்பாகும்போது, பதிவின் உரிமையாளருக்கும் அதில் வாசித்துப் பாடியவர்களுக்கும் வரும் பணம். மேளக்காரரின் பெயரைப் பதிவில் போடச் சொன்னது இதற்காகத்தான். அவர் மெட்டுப் போடாவிட்டாலும் வாசித்தவர் என்ற பங்கு அவருக்கு உண்டு.

பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி என்ற பன்னிரண்டு எழுத்து அடையாள எண்ணும் வேண்டும். இங்கே அதைத் தருவது இசைப்பதிவுத் துறையின் ரிசா அமைப்பு. பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பும் விநியோக நிறுவனமும் தானாகவே ஒன்றைப் போட்டுத் தரும். ஏதாவது ஒன்று போதும், ஆனால் ஒரே பதிவுக்கு இரண்டு எண் வாங்கிவிடாதீர்கள்.

பழைய எம்ஜிஆர் படப் பாட்டிலிருந்து நாலு வினாடி வெட்டிப் போடும் ஆசை எல்லாருக்கும் வரும். மெட்டின் உரிமையாளர், பதிவின் உரிமையாளர் இருவரிடமும் அனுமதி வாங்க வேண்டும். முதல் சிங்கிளுக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

வெளியீடு

ஸ்பாட்டிஃபைக்கு நீங்கள் நேரடியாக ஏற்ற முடியாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி போன்ற ஒரு விநியோகர் வழியாகத்தான் போகும். வெளியீட்டு நாளுக்கு நான்கு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். ஏற்றியதும் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்டிஸ்ட்ஸ் கணக்கில் போய், வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாகப் பாட்டை அவர்களுடைய ஆசிரியர் குழுவுக்குப் பரிந்துரை செய்யுங்கள். குழு எடுத்துக்கொள்ளாவிட்டாலும், உங்களைப் பின்தொடர்பவர்களின் புதுப் பாட்டுப் பட்டியலில் அது போய்ச் சேரும். இந்த ஏழு நாளைத் தவறவிட்டால் அந்த வாய்ப்பு திரும்பி வராது.

அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரம். அதில் இணைய முகவரியோ இன்ஸ்டா பெயரோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பாட்டின் தலைப்பைத் தமிழ் எழுத்திலா ஆங்கில எழுத்திலா என்று முதலிலேயே முடிவு செய்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வையுங்கள். சென்னையிலும் மலேசியாவிலும் ஆள் பிடிக்கத் தமிழ் எழுத்து உதவும், உள்ளூர் பிள்ளைகள் தேடுவது ஆங்கில எழுத்தில். என் ஓட்டு ஆங்கில எழுத்துத் தலைப்புக்கு. அட்டைப்படத்தில் தமிழைப் பெரிதாக எழுதிக்கொள்ளலாம். இலவச லூப் ஏதாவது பயன்படுத்தியிருந்தால் யூடியூப் கன்டென்ட் ஐடியை இயக்க வேண்டாம். அதே லூப்பைப் போட்ட இன்னொருவர் வீடியோ மேல் புகார் போய் வம்பாகும்.

2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புதுப் பாட்டு வெள்ளிக்கிழமைதான் வருகிறது. பாட்டை வெள்ளிக்கிழமை விடுங்கள், கச்சேரியைச் சனிக்கிழமை வையுங்கள். நம் வீடுகளில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை கறி தொட மாட்டார்கள், கோயிலுக்கும் போக வேண்டியிருக்கும். மட்டன் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) விற்கும் கச்சேரிக்கு அது சரிவராது. இதே கணக்கில் புரட்டாசி மாதத்தையும் தைப்பூசக் காவடி நாளையும் தவிர்த்து விடுங்கள்.

ரேடியோவுக்குப் போகையில் இந்திய வம்சாவளியினருக்கான லோட்டஸ் எஃப்எம்மை மறக்காதீர்கள். 1983இல் தொடங்கிய நிலையம் அது. இந்தியப் பாட்டு என்றால் சினிமாதான் என்று நாமே நினைத்துக்கொண்டு அனுப்பாமல் விட்டால் அவர்களாக எப்படிப் போடுவார்கள்? கெட்ட வார்த்தை இருந்தால் அதை நீக்கிய பிரதி ஒன்று, நாலு வரியில் குழுவைப் பற்றி, ஐஎஸ்ஆர்சி எண், ஒரு நல்ல புகைப்படம். இவை போதும். இளைஞர் நிலையமான 5எஃப்எம்முக்கும், உங்கள் பகுதிச் சமூக வானொலிக்கும் அனுப்புங்கள். உள்ளூர் இசைக்கு இத்தனை பங்கு ஒதுக்க வேண்டும் என்று ஒலிபரப்பைக் கட்டுப்படுத்தும் ஐகாசா அமைப்பின் விதி இருக்கிறது, அதனால் நிலையங்களுக்கும் உள்ளூர்ப் பாட்டு தேவை. இரண்டு வாரம் கழித்து ஒரு முறை மரியாதையாக நினைவூட்டுங்கள். மூன்றாம் முறை வேண்டாம்.

பணம் வரும்போது

2024இலிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1000 முறையாவது ஓடியிருந்தால்தான் அதற்குப் பங்குப் பணம் கணக்கிடப்படும். முதல் சிங்கிள் அதைத் தாண்டுவது முடியாத காரியமில்லை, ஆனால் தாண்டியதும் வரும் தொகையில் ஸ்டூடியோ வாடகை திரும்பாது. காசு கச்சேரியிலும் டி-ஷர்ட்டிலும்தான். உங்கள் சொந்தப் பாட்டை மேடையில் வாசித்த ஒவ்வொரு முறையும் இடம், தேதி, பாட்டுப் பட்டியலைக் குறித்து சாம்ரோவுக்குத் தெரிவியுங்கள். சின்ன மேடையானாலும் தெரிவியுங்கள்.

விநியோகர் அமெரிக்க நிறுவனமாக இருந்தால் டபிள்யூ-8 பென் என்ற வரிப் படிவத்தைக் கேட்பார். விட்டுவிடாமல் நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் அங்கேயே தேவையில்லாத வரி பிடித்துக்கொள்வார்கள். கணக்கு அறிக்கை இரண்டு மூன்று மாதம் தாமதமாகவே வரும். எத்தனை ரேண்டு வந்தாலும் அந்த அறிக்கையையும் ஸ்டூடியோ ரசீதையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள், வரித்துறையான சார்ஸின் படிவம் நிரப்பும்போது இரண்டும் வேண்டும்.